கோட்டையும் குப்பையும்

நுழையும்முன்

கோட்டை என்றதும் உயர்ந்த மதிலும் ஆழ்ந்த அகழியும் பெரிய வாயிற்கதவும் நினைவுக்கு வருகின்றன. அக்கோட்டைக்குள் வாழ்ந்தோர் உண்டு எஞ்சியவை எங்கே சென்றன என்னும் வினா எளிதில் எழுவதில்லை. அவ்வினாவை விடாமல் எழுப்பும் கணினி விளையாட்டு ஒன்று உண்டு. அது கற்பிப்பவை யாவை, கற்பிக்கத் தவறுபவை யாவை என்பதை இக்கருத்துக் கட்டுரை ஆராய்கிறது.

கணினி விளையாட்டுகளில் கோட்டை கட்டுவது புதிதன்று. கல்லையும் மரத்தையும் திரட்டுதல், மதில் எழுப்புதல், படை சேர்த்தல், பகைவரை வெல்லுதல் என அவற்றின் போக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அக்கோட்டைகளில் விருந்து நடக்கும். எச்சில் இலை இராது. போர் நடக்கும், மறுநாள் களத்தில் ஒரு பிணமும் கிடவாது. வேண்டாதவை அனைத்தும் திரையிலிருந்து தாமாகவே மறைந்துவிடும். அவ்வாறு மறைவதைக் கண்டு வியப்போரும் இலர்.

‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்னும் விளையாட்டு இவ்வழக்கத்திலிருந்து விலகி நிற்கிறது. ‘குள்ளர் கோட்டை’ என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். அமெரிக்காவைச் சேர்ந்த டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் இதனை உருவாக்கினர். அவர்களுள் டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006ஆம் ஆண்டு இது முதன்முதலாக வெளிவந்தபோது இதில் படங்களே இல்லை. எழுத்துகளும் குறிகளுமே திரையில் மலையாகவும் மரமாகவும் மாந்தராகவும் நின்றன. விளையாடுவோர் விரும்பி அளித்த நன்கொடையைக் கொண்டே இது பல்லாண்டுக் காலம் வளர்ந்தது. 2012ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்ட 14 விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. படங்களுடன் கூடிய பதிப்பு 2022 டிசம்பரில் வெளியாயிற்று.

மலை, ஆறு, அரசு, வரலாறு ஆகிய அனைத்தையும் உடைய ஓர் உலகத்தையே ஒவ்வொரு முறையும் புதிதாகப் படைத்துத் தருவதை இவ்விளையாட்டின் பெருமையாகப் பலரும் போற்றுவர். அது உண்மையே. ஆயினும் இளையோர் இதிலிருந்து கற்கத்தக்க சிறந்த பாடம் அதன் குப்பைமேட்டில்தான் கிடக்கிறது. ஒரு குடியிருப்பின் வலிமையை அளக்க அதன் மதிலை மட்டும் நோக்கினால் போதாது. அது தன் கழிவை என்ன செய்கிறது என்பதையும் நோக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அழுகும் கோட்டை

விளையாட்டின் தொடக்கத்தில் குள்ளர் எழுவர் ஒரு வண்டி நிறையப் பொருள்களுடன் ஆளரவமற்ற நிலத்தை வந்தடைகின்றனர். அவர்கள் மலையைக் குடைந்து உறைவிடம் அமைக்கின்றனர். உழவு, சமையல், தச்சு, கொல்வேலை எனத் தொழில்கள் பெருகுகின்றன. தொழில் பெருகப் பெருக எச்சமும் பெருகுகிறது. பாறையைக் குடைந்தால் கற்கள் குவிகின்றன. விலங்கை அறுத்தால் தோலும் எலும்பும் கொழுப்பும் எஞ்சுகின்றன. எலி முதலியவற்றை வேட்டையாடும் பூனை, கொன்ற உயிரின் உடலை வழியிலேயே போட்டுவிட்டுச் செல்கிறது. உடுத்திய ஆடை நாளடைவில் நைந்து கந்தலாகிறது. எந்தச் செயலும் எச்சமின்றி முடிவதில்லை என்பதே அவ்வுலகின் முதல் விதி.

இரண்டாம் விதி இன்னும் கடுமையானது. இறைச்சியும் உடலும் உரிய இடத்தில் சேர்க்கப்படாவிட்டால் அழுகத் தொடங்கும். மலைக்குள்ளே, வானம் தெரியாத இடத்தில் அவை அழுகினால் கெட்ட காற்று ஊதா நிறப் புகையாகக் கிளம்பும். அது நடைவழியெங்கும் பரவி உணவுக்கூடத்தையும் உறங்கும் அறையையும் எட்டும். மூடிய கதவு அதனைத் தடுக்கும். திறந்த வழி அதனை வரவேற்கும். அக்காற்றில் நடக்கும் குள்ளரின் மனம் அருவருப்பால் வாடும். அருவருப்பு நாள்தோறும் தொடர்ந்தால் மனச்சுமையாகும். மனச்சுமை மிகுந்தால் சினமாக வெடிக்கும். சினம் கொண்ட ஒருவன் பொருளை உடைப்பான்; அடுத்தவனை அடிப்பான். அடிபட்டு இறந்தவனின் நண்பர்கள் துயருற்றுத் தாமும் நிலைகுலைவர். இவ்வாறு ஒருவர் பின் ஒருவராகச் சரிந்து, பகைவர் ஒருவரும் வாயிலை நெருங்காத நிலையிலேயே கோட்டை வீழ்ந்துவிடுவதும் உண்டு.

இங்கு ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். அந்நம்பிக்கை குறித்த பழைய சொல்லாகிய ‘மியாஸ்மா’ என்பதையே விளையாட்டும் இப்புகைக்குப் பெயராகச் சூட்டியுள்ளது. 1854ஆம் ஆண்டு லண்டனில் காலரா பரவியபோது, தெருக்குழாய் ஒன்றின் நீரே அதற்குக் காரணம் என்பதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். பின்னர் நுண்ணுயிர்கள் பற்றிய அறிவு வளர்ந்தது. பழைய நம்பிக்கை அகன்றது. விளையாட்டில் இப்புகை நோயைத் தருவதில்லை, மனத்தைத்தான் வாட்டுகிறது. நாற்றத்திடையே வாழ நேர்ந்தவரின் மனம் சுருங்கும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மையாகும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றம்

அழுகுபவற்றை வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் சிக்கல் தீராதா என்னும் எண்ணம் எழலாம். திறந்தவெளியில் அழுகும் பொருளிலிருந்து அப்புகை கிளம்புவதில்லை. ஆகவே புதிதாக விளையாடுவோர் கோட்டைக்கு வெளியே குப்பைமேட்டை அமைத்துவிட்டு மன நிறைவு கொள்வர். சிறிது காலத்தில் பகைவர் படை வந்து சூழும். அவ்வேளையில் வாயிலைச் சாத்தினால் குப்பை உள்ளே தேங்கும். வாயிலைத் திறந்தால் குப்பை சுமப்போர் உயிரிழப்பர்.

தேர்ந்தவர்கள் வேறு வழி காண்கின்றனர். மதிலுக்குள்ளேயே, மேற்கூரை இல்லாமல் வானத்தை நோக்கித் திறந்த ஒரு குழியை வெட்டுகின்றனர். பழைய வீடுகளின் நடுமுற்றம் போன்ற அக்குழியில் கழிவு சேர்கிறது, புகையும் எழுவதில்லை, சுமப்பவருக்கும் காவல் கிடைக்கிறது. இறைச்சிக்கூடத்தையும் தோல் பதனிடும் கூடத்தையும் அதன் அருகிலேயே அமைக்கின்றனர்.

இத்தீர்வில் அரிய நுட்பம் எதுவும் இல்லை. எளிய முன்னெண்ணமே அதன் உயிர். உணவுக்கூடம் எங்கே என்று திட்டமிடும் நாளிலேயே எச்சம் எங்கே என்றும் திட்டமிட வேண்டும். கோட்டை முழுவதையும் கட்டி முடித்தபின் குப்பைக்கு இடம் தேடுபவர், கட்டியதை இடித்தே இடம் காண வேண்டியிருக்கும்.

எச்சமும் பொருளும்

எது குப்பை என்னும் வினாவுக்கும் இவ்விளையாட்டு தெளிவான விடை தருகிறது. மாடு ஒன்றை உரிய காலத்தில் இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டு சென்றால் இறைச்சி உணவாகிறது. தோல் பதனிடப்பட்டுப் பையாகவும் காலணியாகவும் மாறுகிறது. எலும்பிலிருந்து அம்பும் அணிகலனும் செய்யலாம். கொழுப்பை உருக்கி, மரத்தை எரித்த சாம்பலிலிருந்து எடுத்த கார நீரோடு சேர்த்தால் சோப்புக் கிடைக்கிறது. அச்சோப்பினால் புண்ணைக் கழுவினால் காயம்பட்ட வீரனின் புண் சீழ் பிடிக்காமல் காக்கப்படும். அதே மாட்டின் உடலைச் சில நாள் கவனியாமல் விட்டால் அது அழுகிப் புகையைக் கிளப்பும்.

பொருள் ஒன்றே, காலமும் இடமும்தான் வேறு. உரிய காலத்தில் உரிய இடம் சேர்ந்தால் கொழுப்பு மருந்துக்குத் துணையாகிறது. தவறினால் கோட்டைக்கே கேடாகிறது. குப்பை என்பது பொருளின் பிறவிக் குணமன்று. பெரும்பாலும் கவனக்குறைவினால் பொருளுக்கு நேரும் நிலை. போருக்குப் பின் களத்தில் சிதறிக் கிடக்கும் பகைவரின் உலோகக் கவசத்தையும் உலையில் இட்டு உருக்கி மீண்டும் உலோகமாக்கலாம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியை வழங்கும் மக்களுக்கு இக்கருத்து அயலானதன்று.

இறந்தோரையும் அவ்வுலகம் மறப்பதில்லை. இறந்த குள்ளரைச் சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய வேண்டும். உடல் கிடைக்காவிட்டால் அவர் பெயரைப் பொறித்த நினைவுக்கல்லையாவது நாட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் இறந்தவர் ஆவியாக வந்து வாழ்வோரை அலைக்கழிப்பார். குப்பையோடு குப்பையாக எறியத் தகாதவையும் உண்டு என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

சுமப்பவர் யார்?

கோட்டை செழித்தால் அதன் புகழைக் கேட்டுப் புதியவர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேற வருவர். அவர்களுள் பலருக்குக் கோட்டைக்கு உடனே பயன்படும் தொழில்திறன் இராது. எனவே விளையாடுவோர் அவர்களைச் சுமை தூக்கவும் குப்பை அள்ளவும் ஏவுவது வழக்கம். பிழைப்புத் தேடி வேற்றூர் செல்வோருக்கு முதலில் கிடைக்கும் வேலை எத்தகையது என்பதை அறிந்த குடும்பங்கள் இந்நாட்டில் பல.

இவ்விடத்தில் விளையாட்டு ஒரு நன்மையைச் செய்கிறது. சுமப்பவர் இல்லையேல் கோட்டை இல்லை என்பதைக் கண்முன் நிறுத்துகிறது. கொல்லர், தச்சர், வீரர் ஆகியோரின் புகழெல்லாம், வழியில் கிடக்கும் எலியின் உடலைத் தக்க நேரத்தில் அகற்றிய ஒருவரைச் சார்ந்து நிற்கிறது. மேலும் அங்கே தொழில் பிறப்போடு ஒட்டிக்கொள்வதில்லை. இன்று குப்பை சுமப்பவருக்கு நாளை உளியைக் கொடுத்தால், செய்யச் செய்யத் திறன் வளர்ந்து அவர் தேர்ந்த சிற்பியாகவும் ஆகலாம்.

புறவுலகில் நிலைமை அவ்வாறு இருக்கவில்லை. இந்தியாவில் கழிவகற்றும் தொழில் நெடுங்காலமாகச் சில சாதியினர் மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டது. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைத் தடுக்கவும் அத்தொழிலில் இருந்தோருக்கு மறுவாழ்வு அளிக்கவும் 2013ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வந்த பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கி நச்சுக்காற்றால் உயிரிழப்போர் பற்றிய செய்திகள் ஓயவில்லை. தன் குப்பையைத் தான் சுமக்க நாணுகின்ற சமூகம், அதனைச் சுமப்பவரைத் தாழ்த்துகின்ற சமூகமாகவும் ஆகிவிடுகிறது.

மாயப் பாலம்

இத்தனை நேர்மையான விளையாட்டும் ஓரிடத்தில் தவறுகிறது. அதில் குப்பை கொட்டுவதற்கென ஒரே ஒரு கட்டத்தைக் குறித்தால் போதும். அச்சிறு இடத்தில் எத்தனை ஆயிரம் பொருள்களையும் குவிக்கலாம். இடம் நிறைவதே இல்லை. மற்றொரு வழியும் உண்டு. வேண்டாத பொருள்களைக் குவித்து, அவற்றின் மீது தூக்குப்பாலத்தை இறக்கினால் அவை இருந்த சுவடே இல்லாமல் அழிந்துபோகும். தூளும் இல்லை, புகையும் இல்லை. விளையாடுவோர் இதற்கு ‘அணு நொறுக்கி’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துள்ளனர்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. கோட்டையில் பொருள்கள் அளவின்றிப் பெருகினால் அவற்றையெல்லாம் கணக்கில் வைத்திருக்கும் கணினி திணறும். விளையாட்டு நத்தை போல் நகரும். ஆகவே கணினியைக் காக்கவே பலர் பாலத்தை நாடுகின்றனர். குள்ளரின் உலகில் குப்பைக்கு இடம் உண்டு; அவ்வுலகைத் தாங்கும் கணினிக்குத்தான் சுமை தாங்கவில்லை. திரைக்குள் பொய்யாக்கப்பட்ட எல்லை திரைக்கு வெளியே மெய்யாகவே நிற்கிறது.

விளையாட்டு விளையாட்டுத்தானே, அதில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போரும் உண்டு. அழுகல், பிணம், நாற்றம் முதலியவற்றைச் சிறுவர் பார்ப்பதே தகாது என்போரும் உண்டு. அவர்தம் கவலை முற்றிலும் புறந்தள்ளத் தக்கதன்று. மணிக்கணக்கில் திரைமுன் அமர்வது உடலுக்கும் படிப்புக்கும் நன்மை தராது. வயதுக்கு ஒவ்வாத கடுமையும் இவ்விளையாட்டில் உண்டு. ஆனால் அழுகலைக் காட்டுவதே குறை என்பது பொருந்தாது. குப்பையே இல்லாத அழகிய கோட்டைகளைக் காட்டும் விளையாட்டுகள் சொல்லும் பொய், இதைவிடப் பெரியது. இவ்விளையாட்டில் திருத்த வேண்டியது நாற்றம் அன்று. நாற்றமின்றி எல்லாவற்றையும் விழுங்கிவிடும் பாலமே.

திரைக்கு வெளியே

தில்லியின் கிழக்கே காஜிப்பூரில் 1984ஆம் ஆண்டு முதல் நகரின் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. பள்ளமாக இருந்த நிலம் மேடாகி, மேடு மலையாயிற்று. 2017 செப்டம்பர் 1 அன்று அம்மலையின் ஒரு பகுதி சரிந்தது. சாலையில் சென்ற வண்டிகள் அருகிலிருந்த கால்வாய்க்குள் தள்ளப்பட்டன, இருவர் உயிரிழந்தனர். அழுகும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன் வளி எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே இத்தகைய மேடுகளில் தீ மூள்வதும், சுற்றுப்புற மக்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசிப்பதும் நிகழ்கின்றன. ஒவ்வொரு வீடும் தன் குப்பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு மறந்தது. வெளியே வைத்தவை மறையவில்லை. வேறொருவர் வீட்டருகே சென்று சேர்ந்தன.

ஈரக் கழிவு, உலர் கழிவு, தீங்கு தரும் வீட்டுக் கழிவு எனக் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அறிவுறுத்தின. காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் தனியே சேர்ந்தால் மக்கி எருவாகும். காகிதமும் நெகிழியும் உலோகமும் தனியே சேர்ந்தால் மீண்டும் பொருளாகும். மூன்றும் ஒரே பையில் கலந்தால் எதுவும் எதற்கும் உதவாது. குள்ளரின் கோட்டையில் கொழுப்புக்கு நேர்வதே நகரத்து வீட்டில் பழத்தோலுக்கும் நேர்கிறது. பிரிக்க ஆகும் காலம் ஒரு சில நொடிகள். பிரிக்காததன் விளைவு பல்லாண்டு நிற்கும் மேடு.

திருக்குறளில் ‘அரண்’ என்னும் பெயரில் ஓர் அதிகாரமே உண்டு. கோட்டையின் உயரம், அகலம், உறுதி, உள்ளே இருக்க வேண்டிய உணவு வளம் ஆகியவற்றை அது எடுத்துரைக்கிறது. அதன் இறுதிக் குறள், எத்தகைய சிறப்புகள் அமைந்திருந்தாலும் உள்ளிருப்போரிடம் செயல்திறம் இல்லையேல் அரணால் பயனில்லை என்று முடிக்கிறது. குப்பையைப் பிரித்து உரிய இடத்தில் சேர்த்தலும், அதனைச் சுமப்பவரை மதித்தலும் அச்செயல்திறத்தில் அடங்கும். விளையாட்டில் வீழ்ந்த கோட்டைக்கு மாற்றாக வேறோர் உலகில் வேறொரு கோட்டையைத் தொடங்கலாம். வாழும் ஊருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

சொல்லும் பொருளும்

அகழி – கோட்டையைச் சுற்றியுள்ள ஆழமான நீர்நிலை
எச்சம் – எஞ்சி நிற்பது
ஆளரவமற்ற – மனித நடமாட்டம் இல்லாத
நைந்து – இழை தேய்ந்து
பதனிடுதல் – கெடாதவாறு பக்குவப்படுத்துதல்
உலை – உலோகத்தை உருக்கும் அடுப்பு
நெகிழி – பிளாஸ்டிக்

விடையளிக்க

1. குள்ளர் கோட்டையில் கெட்ட காற்று எவ்வாறு தோன்றுகிறது? அதன் விளைவுகள் யாவை?
2. குப்பைமேட்டைக் கோட்டைக்கு வெளியே அமைப்பதால் நேரும் இடர் யாது? தேர்ந்தவர்கள் கண்ட தீர்வைக் கூறுக.
3. ‘பொருள் ஒன்றே, காலமும் இடமும்தான் வேறு’ – சான்று தந்து விளக்குக.
4. தூக்குப்பாலத்தை ஆசிரியர் குறையாகக் கருதுவது ஏன்? அக்கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் தருக.
5. உங்கள் குடியிருப்பில் சேரும் குப்பை எங்கே கொண்டு செல்லப்படுகிறது, அதனைச் சுமப்பவர் யார் என்பதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.